கைக்கேற்ற பேட் எது?

(இறகுப்பந்து ஆடுவோருக்கு ஒரு பாடக் கட்டுரை)



நம் பள்ளிக்கு விளையாட்டுப் பொருள் வாங்க முன்னாள் மாணவர்கள் சிலர் பணம் தந்திருப்பது எல்லாருக்கும் தெரியும். ஷட்டில் ஆட என்னென்ன வாங்கலாம் என்று பட்டியல் எழுதித் தரும்படி மாணவர் குழுவிடம் கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து வேப்பமரத்தடியில் இதே பேச்சுதான். "விலை கூடினதா ரெண்டு வாங்கினாப் போதும்" என்று ஒரு கட்சி. "சிந்து வெச்சிருக்கிற மாதிரியே வாங்கணும்" என்று இன்னொரு கட்சி. "எது வாங்கினா என்ன, நமக்கு மிச்சம் மீதிதானே வரும்" என்று பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு. பட்டியல் எழுதும் முன் பேட்டைப் பற்றி எல்லாரும் தெரிந்துகொள்வது நல்லது என்று இதை எழுதுகிறேன். வாரத்தில் மூன்று நாள் வரும் எங்கள் உடற்கல்வி ஆசிரியர் சொல்லித் தந்தது, விதிப் புத்தகத்தில் உள்ளது, நானே அளந்து பார்த்தது எல்லாம் இதில் உண்டு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நல்ல பேட் என்று தனியாக ஒன்று கிடையாது. உங்கள் கைக்கு நல்ல பேட், என் கைக்கு நல்ல பேட் என்றுதான் உண்டு. விரலுக்கேற்ற வீக்கம் என்று பெரியவர்கள் சொல்வது பேட்டுக்கும் பொருந்தும்.

1. பந்து மாறினால் பேட் மாறும்

நம் ஊரில் ஷட்டிலும் ஆடுகிறோம், பூப்பந்தும் ஆடுகிறோம். டி.வி.யில் டென்னிஸ் பார்க்கிறோம். மூன்றிலும் கையில் இருப்பது பேட்தான். ஆனால் எதிரே வருவது ஒன்றல்ல.

ஷட்டில் காக்: 4.74 முதல் 5.50 கிராம் வரை.
பூப்பந்து: 27 முதல் 30 கிராம் வரை. மஞ்சள் கம்பளி நூல் பந்து.
டென்னிஸ் பந்து: 56.0 முதல் 59.4 கிராம் வரை.

ஷட்டில் காக்கைவிடப் பூப்பந்து ஐந்து மடங்குக்கு மேல் கனம். டென்னிஸ் பந்து பத்து மடங்குக்கு மேல் கனம். அதனால்தான் நல்ல ஷட்டில் பேட் 75 முதல் 90 கிராமுக்குள் இருக்கிறது. பூப்பந்து பேட் 165 முதல் 185 கிராம் வரை இருக்கிறது. டென்னிஸ் பேட் பெரும்பாலும் 250 கிராமுக்கு மேல்.

இதிலிருந்து நமக்கு ஒரு பாடம். பூப்பந்து ஆட ஷட்டில் பேட்டை எடுக்கக் கூடாது. நம் பள்ளியில் கட் அறுந்த பேட்டுகளை எண்ணிப் பார்த்தேன். ஐந்தில் மூன்று, பூப்பந்து அடித்து அறுந்தவை. 5 கிராம் காக்குக்காகச் செய்த நரம்பில் 30 கிராம் பந்தை ஓங்கி அடித்தால் அது என்ன செய்யும், பாவம்!

பூப்பந்து 19ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்த விளையாட்டு. காற்று அடிக்கும் திறந்த வெளியில் இறகு பறந்துவிடும், கம்பளிப் பந்து பறக்காது. ஆகவே காற்று அதிகமான நாளில் பூப்பந்து, காற்று அடங்கிய நாளில் ஷட்டில் என்று வைத்துக்கொண்டால் பேட்டும் பிழைக்கும், ஆட்டமும் நன்றாக இருக்கும்.

2. பேட்டின் உறுப்புகள்

மேலே முட்டை வடிவில் இருப்பது தலை. தலைக்குள் பின்னியிருப்பது நரம்பு, நாம் 'கட்' என்கிறோம். தலைக்கும் பிடிக்கும் நடுவே ஒல்லியாக இருப்பது தண்டு. கையில் பிடிப்பது கைப்பிடி.

விதிப்படி பேட்டின் முழு நீளம் 680 மில்லி மீட்டரையும் அகலம் 230 மில்லி மீட்டரையும் தாண்டக் கூடாது. நரம்பு பின்னிய பகுதி 280 மில்லி மீட்டர் நீளம், 220 மில்லி மீட்டர் அகலத்துக்குள் இருக்க வேண்டும். ஆகவே கடையில் உள்ள பெரியவர்கள் பேட் எல்லாம் அளவில் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத நான்கு இடங்களில் இருக்கிறது. எடை, சமநிலை, தண்டின் வளைவு, கட்டின் இறுக்கம். இவற்றோடு கைப்பிடியின் பருமனையும் சேர்த்தால் ஐந்து. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

3. எடை

நம் பள்ளியில் இருக்கும் இரும்புத் தண்டு பேட்டை மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் வைத்துப் பார்த்தேன். 118 கிராம். எங்கள் உடற்கல்வி ஆசிரியரின் கார்பன் பேட்டை அதே தராசில் வைத்தேன். கட், கிரிப் எல்லாம் சேர்த்து 91 கிராம். வித்தியாசம் 27 கிராம். "இவ்வளவுதானா?" என்று கடைக்கார அண்ணன் சிரித்தார். ஆனால் ஒரு மாலையில் முந்நூறு முறையாவது பேட்டை வீசுகிறோம். 27 கிராமை முந்நூறு முறை கூட்டினால் 8,100 கிராம். எட்டுக் கிலோ அரிசிப் பையை மணிக்கட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஷட்டில் ஆட்டம் தோளால் மட்டும் ஆடுவது அல்ல. முன்கையைத் திருப்பி, கடைசியில் விரலை இறுக்கி, சுளீரென்று சாட்டை மாதிரி அடிக்கிறோம். பேட் கனமாக இருந்தால் அந்தச் சுளீர் வராது. மொத்தக் கையையும் சுழற்றி அடிக்க வேண்டியிருக்கும். நாள் போகப் போக மணிக்கட்டும் முழங்கையும் வலிக்கும்.

கம்பெனி பேட்டுகளில் எடையைக் குறிக்க ஒரு எண்ணும் 'யு' என்ற எழுத்தும் போட்டிருக்கும். எண் கூடக் கூட எடை குறையும்.

3யு: ஏறத்தாழ 85 முதல் 89 கிராம்.
4யு: ஏறத்தாழ 80 முதல் 84 கிராம்.
5யு: ஏறத்தாழ 75 முதல் 79 கிராம்.

இது கட்டும் மேல் கிரிப்பும் சேர்க்காத எடை. நம் வயதுக்கு 4யு அல்லது 5யு போதும்.

இந்த இடத்தில் ஒரு உண்மைச் சம்பவம். ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தி ஆடும்போது காக் எப்போதும் வலைக்குப் பக்கத்திலேயே விழும். "உனக்கு ஆட வரலை, ஸ்கோர் எழுது போ" என்று உட்கார வைத்துவிட்டார்கள். ஒருநாள் சார் தன் பேட்டைக் கொடுத்து, "அடி பாப்பா" என்றார். மூன்றாவது அடியில் காக் எதிர்ப் பக்கத்துப் பின்கோட்டுக்கே போய்விட்டது. அவள் கை அதே கைதான். "அக்கா, இது என் கை சொல்றதைக் கேக்குது" என்றாள். அவள் இரண்டு மாதம் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தது ஆடத் தெரியாததால் அல்ல, 118 கிராமால்.

4. சமநிலை

ஒரே எடையுள்ள இரண்டு பேட்டில் ஒன்று கனமாகவும் இன்னொன்று லேசாகவும் தோன்றும். ஏன்? சுத்தியலின் பிடியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பிறகு அதன் இரும்புத் தலையைப் பிடித்துக்கொண்டு பிடியை ஆட்டிப் பாருங்கள். அதே சுத்தியல்தான், ஆனால் இரண்டாவது முறை சுலபமாக இருக்கும். எடை கையை விட்டு எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு கனமாகத் தெரியும். அறிவியல் பாடத்தில் சொல்லும் ஈர்ப்பு மையம் இதுதான்.

சோதனை: பேட்டை ஆள்காட்டி விரல் மேல் படுக்க வையுங்கள். சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கைப்பிடியின் அடியிலிருந்து அந்த இடம் வரை ஸ்கேலால் அளக்கவும். நம்மிடம் உள்ள 30 செ.மீ. ஸ்கேலே போதும்.

ஏறத்தாழ 28.5 செ.மீ.க்குக் கீழே என்றால் தலை லேசான பேட்.
28.5 முதல் 29.5 செ.மீ. வரை என்றால் சம பேட்.
29.5 செ.மீ.க்கு மேல் என்றால் தலை கனத்த பேட்.

தலை கனத்த பேட் கோடாலி மாதிரி. ஓங்குவதற்கு நேரம் ஆகும், இறங்கினால் பலமாக இறங்கும். தலை லேசான பேட் கறிவேப்பிலைக் கொத்து மாதிரி. எந்தப் பக்கமும் சட்டென்று திரும்பும், ஆனால் அடியில் கனம் இருக்காது.

இன்னொரு வேடிக்கை. கைப்பிடியில் துணியோ கிரிப்போ கூடுதலாகச் சுற்றினால் பேட்டின் மொத்த எடை கூடும். ஆனால் சமநிலைப் புள்ளி கைப் பக்கம் நகரும். அதனால் வீசும்போது தலை லேசாகத் தெரியும். நான் இரண்டு சுற்றுத் துணி சுற்றி அளந்தபோது புள்ளி கீழே இறங்கியது. நீங்களும் செய்து பாருங்கள்.

5. தண்டின் வளைவு

ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் தலையின் உச்சியையும் பிடித்து மெதுவாக வளைத்துப் பாருங்கள். மெதுவாக என்பதை இரண்டு முறை படிக்கவும். கொஞ்சம் வளைந்தால் அது வளையும் தண்டு. அசையவே இல்லை என்றால் விறைத்த தண்டு.

வீசும்போது வளையும் தண்டு பின்னால் வளைந்து, அடிக்கும் நேரம் முன்னால் நிமிரும். அந்த நிமிர்வு நம் அடிக்குக் கொஞ்சம் வேகம் சேர்த்துத் தரும். கை வேகம் குறைந்தவர்களுக்கும் புதிதாகக் கற்பவர்களுக்கும் இது உதவி. விறைத்த தண்டு உதவி எதுவும் செய்யாது. ஆனால் வேகமாக வீசத் தெரிந்தவர் கையில் அது சொன்ன இடத்தில் காக்கைப் போடும். ஆகவே விறைத்த தண்டு மோசம் இல்லை. அது நமக்கு இப்போது வேண்டாம், அவ்வளவுதான்.

6. கைப்பிடி

இதை நம்மில் யாருமே பார்ப்பதில்லை. சின்னக் கையில் பெரிய பிடி இருந்தால் விரல்கள் சுற்றி வளையாது. பேட் நழுவுமோ என்று பயந்து இறுக்கிப் பிடிப்போம். இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு திரும்பாது. கோழிக்குஞ்சைப் பிடிப்பது மாதிரி பிடிக்க வேண்டும் என்று எங்கள் சார் சொல்வார். நசுங்கவும் கூடாது, ஓடிவிடவும் கூடாது. அடிக்கும் அந்த நொடியில் மட்டும் இறுக்கம்.

யோனெக்ஸ் பேட்டில் ஜி4, ஜி5, ஜி6 என்று குறித்திருக்கும். எண் கூடக் கூடப் பிடி சிறியது. பிடி சிறியதாக இருந்தால் கிரிப் சுற்றிப் பெரிதாக்கிக்கொள்ளலாம். பெரிய பிடியைச் சிறிதாக்குவது கஷ்டம். எனவே சந்தேகம் வந்தால் சிறிய பிடியையே வாங்கவும். கை வியர்ப்பவர்கள் பூந்துவாலை மாதிரி இருக்கும் கிரிப் போடலாம், அது வியர்வையை உறிஞ்சும்.

7. கட்டின் இறுக்கம்

கட்டின் இறுக்கத்தைப் பவுண்டில் சொல்வார்கள். கட் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு வேகம் என்று பலர் நினைக்கிறோம். அது தவறு. கயிற்றுக் கட்டிலை நினைத்துப் பாருங்கள். கயிறு கொஞ்சம் தளர்ந்திருந்தால் குழந்தை குதித்தால் எம்பும். பலகை மேல் குதித்தால் எம்பாது. அதே மாதிரி தளர்ந்த கட் காக்கை எம்பி அனுப்பும், இறுக்கமான கட்டில் நம் கைப்பலம்தான் அனுப்ப வேண்டும். இறுக்கமான கட்டால் கிடைப்பது குறி. நினைத்த இடத்தில் காக் விழும்.

இன்னொன்றும் உண்டு. தலையின் நடுப்பகுதியில் பட்டால்தான் காக் நன்றாகப் போகும். கட் இறுக இறுக அந்த நல்ல இடம் சுருங்கும். புதிதாக ஆடுபவர்களுக்குக் காக் தினமும் ஒரே இடத்தில் படாது. எனவே நமக்கு 18 முதல் 22 பவுண்டு வரை போதும். உலகப் போட்டிகளில் ஆடும் சிலர் 30 பவுண்டு பக்கம் போடுகிறார்கள். அந்தப் பேட்டை நம் கையில் கொடுத்தால் காக் பாதிக் கோர்ட்டைத் தாண்டாது. "சாம்பியன் பேட் வேணும்" என்று கேட்பவர்கள் இதை யோசிக்கவும்.

பேட்டின் அதிகபட்ச இறுக்கம் அதன் மேலேயே எழுதியிருக்கும். அதைத் தாண்டினால் தலை உடையும்.

8. நீங்கள் எந்த வகை ஆட்டக்காரர்?

இதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி. நீங்கள் ஒரு கேம் ஆடும்போது நண்பர் ஒருவரை நோட்டும் பென்சிலுமாக உட்கார வையுங்கள். நீங்கள் எடுத்த ஒவ்வொரு பாயின்ட்டும் எப்படி வந்தது என்று அவர் குறிக்க வேண்டும். ஸ்மாஷ் அடித்ததா, வலையோரம் தட்டியதா, எதிராளி தவறியதா? மூன்று நாள் குறித்தால் போதும், நாம் யார் என்று தெரிந்துவிடும்.

அ) அடித்து முடிப்பவர். பின்னால் நின்று ஸ்மாஷால் பாயின்ட் எடுப்பவர். இவருக்குத் தலை சற்றுக் கனத்த, 4யு பேட். தண்டு நடுத்தர வளைவு. ஆனால் ஸ்மாஷ் அடிக்க ஆசைப்படுபவர் வேறு, அடிக்கத் தெரிந்தவர் வேறு. பத்து ஸ்மாஷில் ஏழாவது கோர்ட்டுக்குள் விழுந்தால் இந்தப் பேட்டைக் கேளுங்கள்.

ஆ) வலையோரத்துக்காரர். இரட்டையர் ஆட்டத்தில் முன்னால் நின்று படபடவென்று தட்டுபவர். இவருக்குத் தலை லேசான பேட்.

இ) தடுத்துத் தடுத்துக் களைப்படைய வைப்பவர். எதை அடித்தாலும் திருப்பி அனுப்புவார், கடைசியில் எதிராளியே தவறிவிடுவார். இவருக்குச் சம பேட் அல்லது தலை லேசான பேட். தண்டு வளைய வேண்டும், அப்போதுதான் தடுத்தபடியே பின்கோடு வரை தூக்கி அனுப்ப முடியும். நான் இந்த வகை.

ஈ) எல்லாமும் ஆடுபவர், இன்னும் தன் ஆட்டம் தெரியாதவர். நம்மில் பெரும்பாலோர் இவர்கள்தான். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இவர்களுக்குச் சம பேட், 4யு அல்லது 5யு, வளையும் தண்டு, சின்னப் பிடி, தளர்ந்த கட். இது எந்த வகைக்கும் முழுத் தடையாக இருக்காது.

பெரிய வீராங்கனைகளும் ஒரே மாதிரி ஆடுவதில்லை. 2012ல் லண்டன் ஒலிம்பிக்கில் சாய்னா நேவால் வெண்கலம் வாங்கினார். 2016ல் ரியோவில் வெள்ளி, 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம், நடுவே 2019ல் உலகச் சாம்பியன் பட்டம் என்று பி.வி. சிந்து வென்றார். சிந்து நல்ல உயரம், மேலிருந்து இறங்கும் அடி அவர் பலம். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் நம் தமிழ்நாட்டுப் பெண்கள் மூன்று பேர் இறகுப்பந்தில் பதக்கம் வாங்கினார்கள். கைகளில் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கான பிரிவில் துளசிமதி முருகேசன் வெள்ளி, மனிஷா ராமதாஸ் வெண்கலம். உயரம் குறைந்தவர்களுக்கான பிரிவில் நித்யஸ்ரீ சிவன் வெண்கலம். தங்கள் உடம்புக்குப் பொருந்தும் ஆட்டத்தை வளர்த்துக்கொண்டு அவர்கள் ஜெயித்திருக்கிறார்கள். அடுத்தவர் ஆட்டத்தையும் அடுத்தவர் பேட்டையும் இரவல் வாங்கி யாரும் பெரிய ஆள் ஆனதில்லை.

9. காக்

இறகுக் காக்கில் 16 இறகுகள் இருக்கும். பெரும்பாலும் வாத்து இறகு. அடித்த வேகத்தில் போய், சட்டென்று வேகம் குறைந்து, செங்குத்தாக விழும். அழகுதான். ஆனால் நம் மண் தரையில் ஒரு மாலைகூடத் தாங்காது. நமக்கு நைலான் காக்தான் ஏற்றது.

நைலான் காக்கின் தக்கையைச் சுற்றி ஒரு வண்ணப் பட்டை உண்டு. அது அழகுக்கு அல்ல. பச்சை என்றால் மெதுவானது, நீலம் என்றால் நடுத்தரம், சிவப்பு என்றால் வேகமானது. வெயில் ஏறினால் காற்று லேசாகும். லேசான காற்றில் காக் அதிக தூரம் போகும். அதனால் நம் ஊர்க் கோடையில் சிவப்பு வேண்டாம். பச்சை அல்லது நீலம் வாங்கவும்.

காக்கின் வேகத்தைச் சோதிக்க விதியிலேயே ஒரு வழி இருக்கிறது. பின்கோட்டில் நின்று, கீழிருந்து மேலாக முழு வீச்சில் ஒரு அடி. எதிர்ப் பக்கத்துப் பின்கோட்டுக்கு 530 முதல் 990 மில்லி மீட்டர் முன்னால் விழுந்தால் சரியான காக்.

காற்றடிக்கும் வெளியில் ஆடுவதற்கென்றே 2019ல் உலக பேட்மின்டன் கூட்டமைப்பு ஏர் பேட்மின்டன் என்ற ஆட்டத்தையும் அதற்குத் தனிக் காக்கையும் அறிமுகப்படுத்தியது. திறந்த வெளியில் ஆடுபவர்களின் கஷ்டம் உலகம் முழுவதும் ஒன்றுதான் போலிருக்கிறது!

10. காலுக்கு

ஷட்டிலில் ஓடுவதைவிட நிற்பதும் திரும்புவதும் அதிகம். ஓட்டப் பந்தய ஷூவில் குதிகால் உயரமாகவும் மெத்தென்றும் இருக்கும். நேராக ஓட நல்லது, பக்கவாட்டில் பாய்ந்தால் கணுக்கால் மடங்கும். தட்டையான அடிப்பாகம் உள்ள கான்வாஸ் ஷூ நம் தரைக்குப் போதும். செருப்புப் போட்டு ஆடவே கூடாது. உள்ளரங்கில் போட்டி என்றால் தரையில் கறை படாத ரப்பர் அடி உள்ள ஷூ கேட்பார்கள். குறுவட்டப் போட்டிக்குப் போகிறவர்கள் இதை முன்பே விசாரித்துக்கொள்ளவும்.

11. கடையில் செய்ய வேண்டியவை

1) விலைச் சீட்டைப் பார்க்கும் முன் பேட்டைக் கையில் எடுத்து இருபது முறை வீசவும். இருபதாவது முறையும் முதல் முறை மாதிரியே இருக்க வேண்டும்.
2) விரல் மேல் வைத்துச் சமநிலை பார்க்கவும்.
3) மெதுவாக வளைத்துப் பார்க்கவும்.
4) கண்ணுக்கு நேரே பிடித்து, தலை கோணலாக இருக்கிறதா என்று பார்க்கவும்.
5) தலையும் தண்டும் சேரும் இடத்தில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கவும்.
6) தலையை விரலால் சுற்றிலும் தட்டவும். ஒரு இடத்தில் மட்டும் சத்தம் மாறினால் அங்கே விரிசல் இருக்கலாம்.

முழுக் கார்பன் வாங்கப் பணம் போதாவிட்டால் அலுமினியத் தலையும் கார்பன் தண்டும் உள்ள பேட் நடுத்தரம். இரும்புத் தண்டு கடைசி.

12. வாங்கியதைக் காப்பாற்றுவது

பேட்டை வெயிலில் போடக் கூடாது. சூட்டில் கட் தளரும். கோபத்தில் தரையில் அடிக்கக் கூடாது. கார்பனில் மயிரிழை விரிசல் விட்டாலும் அடுத்த அடியில் உடையும். இரட்டையர் ஆட்டத்தில் "எனக்கு" என்று கத்தி ஆடினால் இரண்டு பேட் மோதாது. ஒரு நரம்பு அறுந்தால் முடிச்சுப் போட்டு ஆடக் கூடாது. ஒரு பக்கம் தளர்ந்து மறு பக்கம் இழுத்தால் தலை கோணும். மற்ற நரம்புகளையும் நடுவிலிருந்து வெளியே வெட்டிவிட்டுப் புதுக் கட் போடக் கொடுக்கவும்.

13. நம் பட்டியலுக்கு என் யோசனை

விலை கூடிய பேட் இரண்டு வாங்கினால் பத்து பேர் காத்திருப்பார்கள், இரண்டு பேர் ஆடுவார்கள். அந்த இரண்டு பேர் யாராக இருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே குழுவிடம் நான் கேட்பது இவை:

ஒன்று, சம எடை, 4யு அல்லது 5யு, வளையும் தண்டு உள்ள பேட் நான்கு. அவற்றில் இரண்டாவது சின்னப் பிடியாக இருக்கட்டும்.
இரண்டு, ஸ்மாஷ் அடிக்கத் தெரிந்தவர்களுக்காகத் தலை கனத்த பேட் ஒன்று. அது பத்தாம் வகுப்பு அண்ணன்களுக்கு மட்டும் அல்ல, ஏழு ஸ்மாஷ் உள்ளே போடும் யாருக்கும் பொது.
மூன்று, நீலப் பட்டை நைலான் காக். பேட் எத்தனையோ அத்தனை டப்பாவாவது. காக் இல்லாவிட்டால் பேட் வெறும் விசிறி.
நான்கு, பழைய இரும்பு பேட்டுகளைச் சின்னப் பிள்ளைகளுக்குத் தள்ளிவிட வேண்டாம். கனமானது பெரியவர்களுக்கு, லேசானது சின்னவர்களுக்கு. இப்போது நம் பள்ளியில் நடப்பது தலைகீழ். பழையவற்றில் கட் போடக் கற்றுக்கொள்ளலாம்.
ஐந்து, ஒரு நோட்டு. யார் எடுத்தார்கள், எப்போது தந்தார்கள் என்று கையெழுத்து. ஒருநாள் ஆண்கள் முதலில், மறுநாள் பெண்கள் முதலில்.

குறுவட்டப் போட்டியில் பெண்கள் ஒற்றையரும் உண்டு, இரட்டையரும் உண்டு. போன ஆண்டு நம் பள்ளியிலிருந்து பெண்கள் யாரும் போகவில்லை. "ஆளு இல்லை" என்று காரணம் சொன்னார்கள். ஆள் இருந்தது. ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தது. இனிமேல் யாரையாவது "உனக்கு ஆட வராது" என்று சொல்லும் முன், அவர்கள் கையில் இருப்பது என்ன பேட் என்று ஒரு தடவை தராசில் வைத்துப் பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் மதிய இடைவேளையில் என்னிடம் கேட்கலாம். ஸ்கேலும் கையுமாக வேப்பமரத்தடியில் இருப்பேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி.